படத்தோடு நின்றுவிடும் கோட்பாடு: எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

எம்.எஸ்சி. நர்சிங் ஆய்வேடு எதைப் புரட்டினாலும் தொடக்கப் பக்கங்களில் ஒரு படம் இருக்கும். பெட்டிகள், அம்புக்குறிகள், அடியில் ஒரு கோட்பாட்டாளரின் பெயர். பல ஆய்வேடுகளில் அதற்குப் பிறகு அந்தப் பெயர் தலைகாட்டுவதில்லை. கருதுகோளிலும் இல்லை, கேள்வித்தாளிலும் இல்லை. வைவாவில் கேட்டால் மாணவி படத்தை ஒப்பிப்பார்.

இந்தச் சடங்கு வேண்டாம் என்பதே செவிலிய ஆசிரியர்களும் வார்டு செவிலியர்களும் கூடி எடுத்த முடிவு. படம் இல்லாவிட்டால் குடி முழுகிவிடாது. எடுத்துக்கொண்ட கோட்பாடு அளவுகோலில் தெரிய வேண்டும். அதற்கு இடைநிலைக் கோட்பாடுகளே தோது.

இடைநிலைக் கோட்பாடு என்ற கருத்தை முன்வைத்தவர் சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன். மனிதர், சூழல், உடல்நலம், பராமரிப்பு அனைத்தையும் அணைத்துக்கொள்ளும் பெருங்கோட்பாட்டை வார்டில் வைத்துச் சோதிக்க முடியாது. இடைநிலைக் கோட்பாடோ ஏதாவது ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளும். மெர்ல் மிஷெல் நோயில் வரும் நிச்சயமின்மையைப் பிடித்தார். காதரின் கோல்காபா நோயாளியின் சௌகரியத்தை. அளப்பதற்கான வினாப்பட்டியலையும் இருவருமே தந்தார்கள்.

வார்டில் அன்றாடம் பார்ப்பதைச் சொல்கிறோம். ஹார்ட் ஃபெயிலியர் நோயாளி வீட்டுக்குக் கிளம்புகிறார். “உப்பைக் குறைங்க ஐயா, மாத்திரையை விட்டுடாதீங்க” என்று அனுப்புகிறோம். சில நாளில் கால் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டி, நள்ளிரவில் திரும்பி வருகிறார். மாத்திரை ஒழுங்காக எடுக்கவில்லை போலும் என்று நாமே முடிவுகட்டுகிறோம். மனைவி சொல்வது வேறு: “மாத்திரை தப்பாமதாம்மா குடுத்தேன். நாலு நாளாவே செருப்பு இறுக்குதுன்னு சொல்லிட்டிருந்தாரு.”

பார்பரா ரீகல், டைனி யார்ஸ்மா, அன்னா ஸ்ட்ரோம்பெர்க் மூவரும் 2012இல் வெளியிட்ட நாட்பட்ட நோய்க்கான சுயபராமரிப்புக் கோட்பாடு இங்கே கைகொடுக்கிறது. உடலைப் பேணுதல், அறிகுறியைக் கவனித்தல், கவனித்ததற்கு ஏற்ப நடந்துகொள்ளுதல் என்று அது மூன்றாகப் பிரிக்கிறது. நடுவில் உள்ளதுதான் மற்ற இரண்டுக்கும் பாலம். நாம் சொல்லி அனுப்பியது முதலாவதை மட்டும். செருப்பு இறுக்கம் அவர் கண்ணில் பட்டது. அது நோயின் அறிகுறி என்று யாரும் சொல்லவில்லை. காலையில் சிறுநீர் கழித்ததும் எடை பாருங்கள், மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறினால் உடனே போன் செய்யுங்கள் என்றும் சொல்லவில்லை. குறை நோயாளியிடம் இல்லை.

ஆய்வுக்கும் இதே கணக்கு. பாடம் நடத்தி, முன்தேர்வு பின்தேர்வு வைத்து, அறிவு மதிப்பெண் கூடியது என்று முடிக்கும் ஆய்வுகள் போதுமான அளவு சேர்ந்துவிட்டன. மதிப்பெண் கூடியவர் செருப்பு இறுகிய அன்றே போன் செய்தாரா என்பதல்லவா கேள்வி? பேணுதல், கவனித்தல், ஏற்ப நடந்துகொள்ளுதல் மூன்றையும் தனித்தனியே அளந்தால் பாலம் எங்கே உடைகிறது என்று தெரியும். எடைக்கருவி இல்லாத வீட்டில் செருப்பு இறுக்கம் எத்தனை நாள் முன்னதாக எச்சரிக்கும்? இதை நம் மாணவிகள்தாம் ஆராய வேண்டும்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறோம். ‘சுய’ பராமரிப்பு என்ற சொல் நம் வீடுகளுக்கு முழுதாகப் பொருந்தாது. உப்புப் போடுவது மருமகள், மாத்திரை எடுத்துக் கொடுப்பது மனைவி. இத்தாலியின் எர்கோலே வெல்லோனேயும் ரீகலும் சக ஆய்வாளர் ஒருவரும் 2019இல் பராமரிப்பாளரின் பங்கைத் தனிக் கோட்பாடாகவே எழுதினார்கள். அதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

இரவு ஷிஃப்டில் வார்டு முழுவதையும் தனியாகப் பார்ப்பவரிடம் கோட்பாடு பேசுவதா என்று எங்கள் கூட்டத்திலேயே ஒருவர் கேட்டார். நியாயமான கோபம், ஆள்பற்றாக்குறையைக் கோட்பாடு தீர்க்காது. அவரிடம் வகுப்பு எடுக்கும்படி நாங்கள் கேட்கவில்லை. டிஸ்சார்ஜ் சீட்டில் இரண்டு வரி கூட்டி அச்சடித்துக் கொடுங்கள் என்று நிர்வாகங்களைக் கேட்கிறோம்: எதைக் கவனிக்க வேண்டும், கண்டால் யாருக்குப் போன் செய்ய வேண்டும். ஆய்வு கைடுகளிடம் கேட்பது, படத்துக்குப் பதிலாக ஓர் அட்டவணை: கோட்பாட்டின் எந்தக் கருத்தை, கேள்வித்தாளின் எத்தனையாவது கேள்வி அளக்கிறது என்று. அந்த அட்டவணையை நிரப்ப முடியாவிட்டால், கோட்பாடு இல்லாமலே ஆய்வைச் சமர்ப்பிக்க மாணவியை அனுமதியுங்கள்.