நார்த்தாமலைக்கு ஷெரீப் வேணாம், மேயரைப் புடிங்க!

மக்கா, இன்னிக்கு ஆணி கொஞ்சம் கம்மி. அதனால ஒரு சண்டைக்கு வந்திருக்கேன்.

"தமிழ்ல ஒரு உருப்படியான சின்ன ஊர் திகில் கதை வரமாட்டேங்குதே"ன்னு நம்ம பதிவர்கள் அடிக்கடி மூக்கைச் சிந்தறாங்க. அமெரிக்காக்காரன் மாதிரி ஒரு பனி மூடிய ஊர், ஒரு களைச்சுப்போன ஷெரீப், ராத்திரியில திரியற ஒரு கொலைகாரன், இது இங்க ஏன் இல்லைன்னு கேள்வி. அப்புறம் 'ராட்சசன்' (2018) வந்தா ஆஹா, 'போர் தொழில்' (2023) வந்தா ஓஹோ. எனக்கும் ரெண்டும் பிடிச்ச படங்கள்தான், அதுல தகராறு இல்லை. எந்த ஃபார்முலாவைப் பார்த்துக் கைதட்டறோம்ங்கறதுலதான் தகராறு.

ஃபார்முலா என்ன? கொலைகாரன் ஒரு தனி ஆள். சின்ன வயசுல அடிபட்டவன், இல்லை அவமானப்பட்டவன். ஊருக்கும் அவன் பண்ற கொலைக்கும் சம்பந்தமில்லை. போலீஸ் அவனைத் துரத்துது, புடிக்குது, இல்லை போட்டுத் தள்ளுது. லைட் போட்டதும் நாம பாப்கார்னை உதறிட்டு நிம்மதியா வீட்டுக்குப் போறோம். ஏன்னா தப்பு மொத்தமும் அந்த ஒரு மண்டைக்குள்ள இருந்தது, அந்த மண்டையும் இப்ப காலி.

இப்ப நிஜக் கதைக்கு வருவோம். இடம் நார்த்தாமலை. திருச்சியிலேர்ந்து புதுக்கோட்டை போற வழியில, கீரனூர் தாண்டி, மொட்டை மொட்டையா பாறைக் குன்றுகள் தெரியுமே, அங்கதான். விஜயாலய சோழீஸ்வரம் பார்க்கப் போனவங்களுக்குத் தெரியும். பங்குனியில முத்துமாரியம்மன் திருவிழாவுக்குச் சுத்துப்பட்டு ஜனம் மொத்தமும் வரும்.

2021 டிசம்பர் 30. தாத்தா வீட்டுல இருந்த 11 வயசுப் பையன் தலையில ஒரு துப்பாக்கிக் குண்டு பாய்ஞ்சுது. எங்கிருந்து வந்துது? பக்கத்துல பசுமலைப்பட்டியில இருந்த துப்பாக்கி சுடும் பயிற்சித் தளத்துலேர்ந்து. அன்னிக்கு அங்க மத்தியத் தொழில் பாதுகாப்புப் படைக்காரங்களுக்குப் பயிற்சி. பையனைப் புதுக்கோட்டைக்குக் கொண்டு போய், அங்கிருந்து தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க. ஆபரேஷன் பண்ணிக் குண்டை எடுத்தாங்க. 2022 ஜனவரி 3 அன்னிக்குப் பையன் செத்துப்போயிட்டான். முதல்வர் 10 லட்ச ரூபாய் நிவாரணம் அறிவிச்சார். தளத்துல பயிற்சியை நிறுத்தினாங்க.

திகில் கதைக்கு இதைவிட என்னய்யா வேணும்? பட்டப்பகல். சுட்டவனுக்கும் செத்தவனுக்கும் முன்பின் பழக்கமில்லை. பகை இல்லை, காரணம் இல்லை. கையில துப்பாக்கி வச்சிருந்தவருக்குத் தன் குண்டு எங்க போய் விழுந்துதுன்னே அந்த நிமிஷம் தெரிஞ்சிருக்காது. ஆனா நம்ம விமர்சகர்களுக்கு இது 'கதை' இல்லை. இதுல சைக்கோ இல்லையே! பேப்பர்ல ஓரமா வர்ற 'சோக சம்பவம்', அவ்வளவுதான். அதே 2022 ஜூன்ல 'சுழல்' வந்தப்ப சின்ன ஊரோட இருட்டைப் பத்திப் பத்திப் பத்தியா எழுதினாங்க. நார்த்தாமலையைப் பத்தி எழுதினவங்களை விரல் விட்டு எண்ணக்கூட ஒரு கை போதும்.

"கதை வேற, நியூஸ் வேற தம்பி"ன்னு ஒரு அண்ணாச்சி பின்னூட்டம் போடுவார்னு தெரியும். அவருக்காகவே அவரோட தெய்வத்தைக் கூப்பிடறேன். ஸ்பீல்பெர்க்கோட 'ஜாஸ்' (1975). சின்ன ஊர், போலீஸ் சீஃப், கொல்ற ஒரு ஜந்து. இந்த வகைக்கே தாத்தா மாதிரிப் படம். அதுல உண்மையான வில்லன் சுறாவா? சுறா பாட்டுக்குப் பசிக்குச் சாப்பிடுது. கடற்கரையை மூடணும்னு சீஃப் சொல்றார். ஜூலை 4 சீசன் வியாபாரம் போயிடும்னு மேயர் முடியாதுங்கறார். சுறா கடிச்ச சாவைப் படகு விபத்துன்னு மாத்தி எழுதறாங்க. அப்புறம் ஒரு சின்னப் பையன் சாகறான். அவனோட அம்மா கறுப்பு உடுப்புல வந்து, ஊரே பார்க்க சீஃப் கன்னத்துல ஓங்கி ஒரு அறை விடறாங்க பாருங்க, படத்தோட உயிரே அங்கதான் இருக்கு.

நம்மாளுங்க இந்த வகையிலேர்ந்து சுறாவை மட்டும் இறக்குமதி பண்ணிட்டு மேயரைத் துறைமுகத்துலயே விட்டுட்டு வந்துட்டாங்க. என் கோவமே அதுதான்.

ஷெரீப் விஷயமும் இதேதான். அமெரிக்காவுல பெரும்பாலான மாகாணங்கள்ல கவுண்டி ஷெரீப் ஓட்டு வாங்கி ஜெயிச்சு வர்றவர். கொலைகாரனைப் புடிக்கலைன்னா அடுத்த தேர்தல்ல ஊரு வீட்டுக்கு அனுப்பிடும். காலையில காபி குடிக்கப் போற கடையில செத்தவனோட அப்பா உக்கார்ந்திருப்பார். அந்தக் கதைகள்ல இருக்கற புழுக்கம் அங்கிருந்துதான் வருது. நம்ம மதராஸ்லயும் ஒரு காலத்துல ஷெரீப் பதவி இருந்தது, ஆனா அது வெறும் அலங்காரப் பதவி. நம்ம இன்ஸ்பெக்டர் ஊருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் இல்லை, மேலிடத்துக்குத்தான். நாலு வருஷத்துல மூணு வருஷம் ஒரே மாவட்டத்துல இருந்துட்டா, தேர்தல் வரும்போது தேர்தல் கமிஷன் விதிப்படி மாத்தல். அவரைக் குறை சொல்லலை, ஏற்பாடே அப்படி. ஆக, 'ஜாஸ்' அம்மாவுக்கு அறைய ஒரு கன்னம் கிடைச்சுது. நார்த்தாமலைப் பையனைப் பெத்தவங்க யார் கன்னத்தைத் தேடிப் போவாங்க?

அதே மாவட்டத்துல வேங்கைவயல். 2022 டிசம்பர்ல, தலித் மக்கள் குடிக்கற தண்ணித் தொட்டியில மலம். 2023 ஜனவரியில சி.பி.சி.ஐ.டி. கைக்குப் போச்சு. டி.என்.ஏ. சோதனை எல்லாம் நடந்தது. 2025 ஜனவரியில அதே சமூகத்தைச் சேர்ந்த மூணு பேர் மேல குற்றப்பத்திரிகை. பாதிக்கப்பட்ட மக்கள் ஒத்துக்கலை, சி.பி.ஐ. வேணும்னாங்க. துப்பு துலக்கறவங்களை ஊர் நம்பலைன்னா, "கண்டுபுடிச்சாச்சு"ங்கற வார்த்தைக்கு என்ன அர்த்தம்? இதைக் கதையா எழுதறவங்களுக்கு சைக்கோவே தேவைப்படாது.

நான் பொட்டி தட்டறவன். எங்க பொழப்புல ராத்திரி ரெண்டு மணிக்கு சர்வர் படுத்துதுன்னா, காலையில ரூட் காஸ் என்னன்னு அறிக்கை வேணும். "எவன் பட்டனை அமுக்கினான்"னு மட்டும் எழுதினா லீடு திருப்பி அனுப்பிடுவார். அந்த பட்டன் அங்க ஏன் இருந்தது, தடுக்க வேண்டிய செக் ஏன் தடுக்கலை, அதுதான் கேள்வி. யாரோ நாலு பேருக்கு அரை மணி நேரம் வெப்சைட் திறக்கலைங்கறதுக்கே இவ்வளவு! ரைஃபிள் குண்டு குறி தவறினா கிலோமீட்டர் கணக்கில் பறக்கும், பாறையில பட்டா திசை மாறும்னு படையில இருக்கற எல்லாருக்கும் தெரியும். அப்ப நார்த்தாமலை மர்மத்தை அவிழ்க்கற கேள்விகள் இதுங்கதான்: வீடுகள் இருக்கற பக்கத்துல தளம் வைக்க இடம் பார்த்தது யாரு? குண்டைத் தடுக்கற மேடு போதும்னு கையெழுத்துப் போட்டது யாரு? அதைக் கடைசியா எப்ப சோதிச்சாங்க?

சட்டம் எங்க நிக்குதுன்னும் பார்த்துக்கோங்க. அஜாக்கிரதையால மரணம்னா அன்னிக்கு இருந்த இ.பி.கோ. 304-ஏ படி அதிகபட்சம் ரெண்டு வருஷம். 2024 ஜூலையில வந்த பாரதிய நியாய சன்ஹிதாவுல அது அஞ்சு. ஆனா கடமையில இருந்த அரசு ஊழியர் மேல வழக்கு நடத்த அரசோட முன் அனுமதி வேணும்னு ஒரு கதவும் உண்டு. அப்படியே கதவு திறந்தாலும் உள்ள நிக்கப் போறது விசையை அழுத்தின ஒரு விரல்தான். இடம் பார்த்த கண்ணும் கையெழுத்துப் போட்ட பேனாவும் எந்த செக்‌ஷன்லயும் மாட்டாது. மேயர் தப்பிச்சுடுவார்.

நார்த்தாமலையிலேயே ஒரு பழைய அறிக்கை இருக்கு. விஜயாலய சோழீஸ்வரத்துக் கல்வெட்டு. சாத்தன் பூதி கட்டின கோயில் மழையில இடிஞ்சுது, மல்லன் விடுமன் திருப்பிக் கட்டினான்னு சொல்லுது. கட்டினது யாரு, எதனால இடிஞ்சுது, சரி பண்ணினது யாரு, மூணும் பேரோட இருக்கு. ஆயிரம் வருஷத்துக்கு மேல ஆச்சு, இன்னும் படிக்கலாம். ஒரு கோயில் சுவர் இடிஞ்சதுக்குக் காட்டின அந்த மரியாதையை, ஒரு பையன் செத்ததுக்கும் காட்டச் சொல்லிக் கேக்கறதுல என்ன தப்பு?

அதனால மக்கா, அடுத்த தடவை "நம்ம ஊருல திகில் கதைக்கு ஸ்கோப் இல்லை"ன்னு எழுதறதுக்கு முன்னாடி அந்த மூணு கேள்வியை எடுத்துக்கிட்டு உக்காருங்க. கதை தானா வரும். தூக்கமும் தானா போயிடும்.

டிஸ்கி: 'ராட்சசன்' ரசிகர்கள் கும்மியடிக்கலாம், தடையில்லை. ஆனா மேயரைப் பத்தி ஒரு வரியாவது எழுதிட்டு அடிங்க :-)