முறை நமக்காகவா, நாம் முறைக்காகவா?



"மென்பொருள் தயாரிக்கும் முறைகளை விவரி" என்று தேர்வில் ஒரு கேள்வி வரும். அருவி முறைக்குப் படம் வரைவோம். அஜைல் முறைக்கு நாலு பாயிண்ட் எழுதுவோம். மார்க்கும் விழும். ஆனால், அந்த முறையை வைத்துக்கொண்டு நாலு பேர் சேர்ந்து ஒரு வேலையை முடிக்க முடியுமா என்று யாரும் நம்மைக் கேட்பதில்லை. இந்த ஆண்டு எங்களை ஒரு கொலுசுப் பட்டறைக்காரர் கேட்டுவிட்டார்! அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் புராஜெக்ட் குழுவில் ஐந்து பேர். அதில் ஒருவன் கொண்டப்பநாயக்கன்பட்டிக்காரன். அவனுடைய மாமா வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். யாருக்கு எத்தனை கிராம் வெள்ளி கொடுத்தது, எத்தனை திரும்பி வந்தது, சேதாரம் எவ்வளவு, கூலி எவ்வளவு என்பதெல்லாம் நோட்டில் கிடந்தது. அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தருவதாகச் சொல்லிவிட்டோம்.

முதலில் பாடத்தில் படித்த அருவி முறை. இரண்டு மாதம் உட்கார்ந்து அறுபது பக்கம் எழுதினோம். பிறகு புரோகிராம் எழுதிக் கொண்டுபோய்க் காட்டினோம். மாமா பார்த்தார். "எல்லாம் அழகாத்தான் இருக்குது கண்ணு. நான் வெள்ளி கொடுக்கறது ஒரே தடவை. திரும்பி வர்றது பத்துப் பொட்டலமா வரும். இதுல ஒரு தடவைதான் வரவு வைக்க முடியுது?" என்றார். இரண்டு மாத உழைப்பு இரண்டு நிமிடத்தில் போயிற்று.

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்த முறைக்கு மூலமென்று எல்லோரும் காட்டுவது வின்ஸ்டன் ராய்ஸ் 1970-ல் எழுதிய கட்டுரை. அதில் அவரே, இப்படி ஒரே மூச்சில் மேலிருந்து கீழே இறங்குவது ஆபத்து, கடைசியில் சோதிக்கும்போதுதான் தவறு தெரியும் என்று எச்சரித்திருக்கிறார். நாம் படத்தை எடுத்துக்கொண்டோம், எச்சரிக்கையை விட்டுவிட்டோம்.

சரி, அஜைலுக்கு மாறுவோம் என்று ஸ்க்ரம் முறையை அப்படியே முழுசாக எடுத்தோம். கென் ஷ்வேபரும் ஜெஃப் சதர்லண்டும் 1995-ல் உலகத்துக்கு அறிமுகம் செய்த முறை அது. இரண்டு வாரத்துக்கு ஒரு ஸ்பிரிண்ட், தினமும் பதினைந்து நிமிடக் கூட்டம், ஆளுக்கொரு பொறுப்பு. காலை எட்டரைக்குக் கூட்டம் என்று வைத்தோம். டவுன் பஸ் வராவிட்டால் இரண்டு பேர் இல்லை. இன்னொருவன் இரவு தறி ஓட்டிவிட்டு வருபவன், நின்றுகொண்டே தூங்குவான். மாதத் தேர்வு வந்தால் ஸ்பிரிண்ட் அம்போ. மூன்றாவது வாரத்தில் அது கூட்டமாக இல்லை, அட்டென்டன்ஸ் எடுப்பதாகிவிட்டது. "நீ ஏன் செய்யலே?" என்ற சண்டைதான் மிச்சம். தறி ஓட்டுகிற நண்பன், "நான் வேற டீமுக்குப் போய்க்கறேன்" என்று சொல்லிவிட்டான்.

அன்றைக்குத்தான் யோசித்தோம். ஆளை மாற்றுவதா, முறையை மாற்றுவதா?

2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஸ்னோபேர்ட் என்ற இடத்தில் பதினேழு பேர் கூடி அஜைல் கொள்கை அறிக்கையை எழுதினார்கள். அவர்கள் எல்லோரும் ஒரே முறைக்காரர்கள் அல்ல. ஒருவர் ஸ்க்ரம், ஒருவர் எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங், ஒருவர் கிரிஸ்டல் என்று ஆளுக்கொரு வழி வைத்திருந்தவர்கள். அவர்களில் அலிஸ்டர் கோக்பர்ன் என்பவர், குழுவில் எத்தனை பேர், தவறினால் நஷ்டம் எவ்வளவு என்பதைப் பார்த்துத்தான் முறையைத் தீர்மானிக்க வேண்டும் என்று சொல்லிவந்தவர். அறிக்கையோடு வந்த பன்னிரண்டு கோட்பாடுகளில் கடைசியானதும், குழு அவ்வப்போது தன்னைத் தானே பரிசீலித்துத் திருத்திக்கொள்ள வேண்டும் என்பதுதான். ஆக, மாற்றிக்கொள்வது குற்றமல்ல, அதுவே அந்த முறையின் உயிர்.

நாங்களும் கலந்தோம். ஸ்க்ரமிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை செய்ததைக் காட்டுவதை வைத்துக்கொண்டோம். ஒன்றுவிட்டு ஒரு ஞாயிறு மாமாவின் பட்டறையில். தினக் கூட்டத்துக்குப் பதில் வாட்ஸ்அப்பில் மூன்று வரி. எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங்கிலிருந்து இருவர் சேர்ந்து ஒரே கம்ப்யூட்டரில் எழுதுவதை எடுத்தோம். ஐந்து பேருக்கு இரண்டே லேப்டாப் என்பதால் அது வசதியாகவும் போயிற்று!

கன்பானை எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது புத்தகம் அல்ல, பட்டறை. மாமா யாருக்கும் போன எடைக்குக் கணக்கு வராமல் அடுத்த எடை கொடுப்பதில்லை. "பாதி பாதியா பத்து வேலை கிடந்தா வெள்ளிதான் முடங்கும் கண்ணு" என்பார். டொயோட்டா கார் தொழிற்சாலையில் அட்டைகளை வைத்துச் செய்ததும் இதே கணக்குத்தான். 2004-ல் டேவிட் ஆண்டர்சன் இதை மைக்ரோசாஃப்டின் ஒரு பராமரிப்புக் குழுவில் புகுத்த உதவினார். அந்தக் குழு வேலை செய்தது எங்கோ அல்ல, நம் ஐதராபாத்தில். வந்த கோரிக்கைக்கெல்லாம் மதிப்பீடு போட்டுப் போட்டே அவர்கள் நேரம் கரைந்துகொண்டிருந்தது. அதை நிறுத்தி, கையில் எடுக்கும் வேலைக்கு வரம்பு வைத்தார்கள். ஏறக்குறைய ஐந்து மாதம் ஆன வேலை இரண்டு வார அளவில் முடியத் தொடங்கியது. நாங்களும் ஒரு ஜோடிக்கு ஒரு வேலை என்று வரம்பு வைத்தோம். சண்டை குறைந்தது. தறி ஓட்டும் நண்பனும் எங்களோடேயே இருந்தான்.

ஆனால் நண்பர்களே, இதில் ஒரு பள்ளமும் இருக்கிறது. 'எங்களுக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொண்டோம்' என்பது சோம்பேறியின் சாக்காகவும் ஆகிவிடும். ஸ்க்ரம் வழிகாட்டி நூல், பாதியை மட்டும் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அதற்கு ஸ்க்ரம் என்று பெயர் சொல்லாதே என்கிறது. அந்தக் கண்டிப்பு எதற்கு என்று எங்களுக்குப் பட்டுத்தான் புரிந்தது.

எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங்கில் சோதனையை முதலில் எழுது என்பார்கள். நேரமில்லை என்று அதை விட்டுவிட்டோம். பட்டறையில் ஓட்டிப் பார்த்த முதல் வாரமே, ஒரு பெண்மணியின் கணக்கில் பதினோரு கிராம் வெள்ளி குறைந்தது. அந்த அம்மா அழாத குறை. "நான் ஒரு பொட்டும் எடுக்கலீங்க" என்றார். தவறு எங்களுடையது. திரும்பி வந்த ஒவ்வொரு பொட்டலத்திலும் கிராமுக்குக் கீழே இருந்த பின்னத்தை எங்கள் புரோகிராம் வெட்டி எறிந்திருந்தது. இருபத்தெட்டுப் பொட்டலத்தில் பதினோரு கிராம்! மாமா பழைய நோட்டையும் கூடவே எழுதி வந்ததால் பிழைத்தோம். இல்லாவிட்டால் அந்த அம்மாவின் கூலியிலும், அதைவிட அவர் பெயரிலும் அல்லவா கைவைத்திருப்போம்?

ஆகவே என் கருத்து இதுதான். ஒரு பழக்கத்தை விடுவதற்கு முன், அது எந்த நோய்க்கு மருந்து என்று கேளுங்கள். அந்த நோய் நமக்கு இல்லையென்றால் விட்டுவிடலாம். இருந்தால், வேறு மருந்து வைத்துவிட்டு விடுங்கள். தினக் கூட்டத்துக்கு மூன்று வரி மாற்றானது. சோதனைக்கு நாங்கள் மாற்று எதுவும் வைக்கவில்லை; அடிபட்டோம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், அப்போதுதான் எது உதவியது என்று தெரியும். உபயோகிப்பவரிடம் அடிக்கடி காட்டுவது, சோதித்துப் பார்ப்பது, உட்கார்ந்து பரிசீலிப்பது ஆகிய மூன்றையும் எந்தக் குழுவும் விடக்கூடாது.

ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு பணிவான வேண்டுகோள். புராஜெக்ட் அறிக்கையில் 'முறையை எங்கே மாற்றினோம், ஏன் மாற்றினோம், எங்கே தவறினோம்' என்று எழுத ஒரு அத்தியாயமும் அதற்குக் கொஞ்சம் மார்க்கும் ஒதுக்குங்கள். இப்போது தவறை மறைத்தால்தான் மார்க் என்ற நிலை இருக்கிறது. நாளை ஜாகீர் அம்மாபாளையம் எல்காட் பூங்காவிலோ சென்னையிலோ வேலைக்குப் போனால், அங்கே ஏற்கெனவே ஒரு முறை இருக்கும். அதற்குத் தலையாட்டுகிறவராக மட்டும் போகாமல், 'இது எதற்காக?' என்று மரியாதையாகக் கேட்கத் தெரிந்தவராகப் போவோம்.

மாமாவின் பட்டறையில் இப்போது எங்கள் புரோகிராம் ஓடுகிறது. நோட்டும் கூடவே இருக்கிறது. "ரெண்டும் இருக்கட்டும் கண்ணு" என்கிறார். அவரும் கலந்துகொண்டார்!

– இறுதியாண்டு மாணவர், கணினிப் பொறியியல் துறை