கிளப்பைத் தூக்கிக்கொண்டு போனார்கள், ஜனம் விடவில்லை!

விம்பிள்டன் என்றதும் சென்னைவாசிகளுக்கு டென்னிஸ்தான் ஞாபகம் வரும். விஜய் அமிர்தராஜ் 2 முறை கால் இறுதி வரை போன இடமாயிற்றே! லண்டனின் அதே பகுதியில் ஒரு கால்பந்து கிளப்பும் உண்டு. பணம் போட்டவன் கிளப்பின் முதலாளியா, மழையில் நனைந்துகொண்டு ஆட்டம் பார்க்கிறவன் முதலாளியா என்ற சண்டைக்கு அந்த கிளப்பின் கதையில் விடை இருக்கிறது.

1889-ல் பிறந்த கிளப். பெரிய லீகில் இடம் கிடைக்க 1977 ஆகிவிட்டது. 1988-ல் எப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டத்தில், அசைக்க முடியாத லிவர்பூலை 1–0 என்று கவிழ்த்தது. கோல் கீப்பர் டேவ் பீசன்ட் பெனால்டியைப் பாய்ந்து தடுத்தார். ஊரே திருவிழாக் கோலம்!

மூன்றே வருஷத்தில், 1991-ல், சொந்த மைதானமான பிளவ் லேனை விட்டு வெளியேறி, இன்னொரு கிளப்பின் மைதானத்தில் ஒண்டுக் குடித்தனம். அடுத்து விழுந்தது இடி. ‘கிளப்பை மில்டன் கீன்ஸ் நகருக்கு மாற்றப் போகிறோம்’ என்றார்கள் நார்வே நாட்டு முதலாளிகள். அது ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற புது நகரம். ரசிகர்கள் கொதித்தார்கள். யார் காதிலும் ஏறவில்லை.

மூன்று பேர் தீர்ப்பு

2002 மே 28-ல், கால்பந்து சங்கம் அமைத்த 3 பேர் குழு, 2க்கு 1 என்ற கணக்கில் ‘போகலாம்’ என்று சொல்லிவிட்டது. அதோடு விட்டதா? பழைய ஊரில் ரசிகர்கள் புது கிளப் தொடங்குவது கால்பந்தின் பொது நலனுக்கு உகந்ததல்ல என்றும் எழுதி வைத்தது! சொந்த ஊரில், சொந்தக் காசில் பந்து உதைப்பது பொது நலனுக்கு விரோதமாம். இது என்ன நியாயம்?

ரசிகர்கள் அந்தத் தீர்ப்பை மதிக்கவில்லை. ஒரே மாதம். ஜூன் 29-ல் ஊர்ப் பொதுத் திடலில் ஆட்டக்காரர் தேர்வு. சுமார் 230 பேர் பூட்ஸோடு வந்து நின்றார்கள். பிறந்தது ஏ.எப்.சி. விம்பிள்டன். இடம் கிடைத்தது கம்பைன்ட் கவுன்டீஸ் லீகில். சென்னைக் கணக்கில், கீழே கிடக்கும் டிவிஷன் மாதிரி.

ஆகஸ்டில் சாண்ட்ஹர்ஸ்ட் என்ற சின்ன ஊரில் முதல் லீக் ஆட்டம். கூட்டம் 2,449! அக்டோபரில், இரண்டாவது டிவிஷனில் இருந்த பழைய கிளப்பின் ஓர் ஆட்டத்துக்கு வந்தவர்கள் 849 பேர். மூன்று பேருக்குத் தெரியாதது டிக்கெட் கவுன்டருக்குத் தெரிந்துவிட்டது.

அப்புறம் ஓட்டம்தான். 2003 பிப்ரவரி முதல் 2004 டிசம்பர் வரை 78 லீக் ஆட்டங்களில் தோல்வியே இல்லை. 9 சீசனில் 5 முறை மேல் டிவிஷனுக்கு ஏறி, 2011-ல் லூட்டன் அணியைப் பெனால்டியில் 4–3 என்று வென்று பெரிய லீகுக்குள் நுழைந்தது. கிளப்பின் பெரும்பான்மை உரிமை ரசிகர் சங்கத்திடம். அங்கே லட்சாதிபதிக்கும் ஒரு ஓட்டு, கூலிக்காரனுக்கும் ஒரு ஓட்டு.

ஒரு நெருடல்

ஒன்றை மறைக்கக் கூடாது. புது கிளப் தங்கியிருந்த கிங்ஸ்மெடோ மைதானம், 1989 முதல் கிங்ஸ்டோனியன் என்ற சிறிய கிளப்பின் வீடு. அதை 2003-ல் விம்பிள்டன்காரர்கள் வாங்கினார்கள். பிறகு, தங்கள் பழைய பேட்டைக்குத் திரும்பப் பணம் வேண்டும் என்று செல்சிக்கு விற்றார்கள். 2017-ல் கிங்ஸ்டோனியன் மூட்டை கட்டியது. வீடு பறிபோன வலி தெரிந்தவர்களே இன்னொருத்தர் வீட்டை விற்றது நன்றாக இல்லை.

பிளவ் லேனில் புது ஸ்டேடியம் எழுந்தது. ரசிகர்கள் கடன் பத்திரம் வாங்கிக் கொடுத்ததே 50 லட்சம் பவுனுக்கு மேல். 2020 நவம்பர் 3-ல் டான்காஸ்டரோடு முதல் ஆட்டம், 2–2. 29 வருஷம் காத்திருந்த ஜனத்தில் ஒருத்தரையும் கொரோனா உள்ளே விடவில்லை!

2025 மே மாதம் வெம்பிளியில் வால்சாலை 1–0 என்று வென்று, மூன்றாவது டிவிஷனுக்கு ஏறியது ரசிகர்களின் கிளப். அதே சீசனில் மில்டன் கீன்ஸ் கிளப் நாலாவது டிவிஷனிலேயே நின்றுபோயிற்று.