டூர் கேன்சல் ஆனது யாரால்?

திருச்சி காலேஜ் பசங்க டூர் ப்ளான் எப்பவும் கோவாவில்தான் ஆரம்பிக்கும். அப்புறம் கொடைக்கானல், கொல்லிமலை என்று இறங்கி வந்து, கடைசியில் முக்கொம்புக்குக்கூட யாரும் கிளம்ப மாட்டார்கள். பழி மட்டும், கடைசி நேரத்தில் "வீட்ல விடல மச்சி" என்றவன் தலையில்.

அநியாயம்ங்க இது! வீட்டில் விடவில்லை என்பது பாதி நேரம் பொய். கையில் காசில்லை, அதை நாலு பேர் முன்னால் சொல்லக் கூச்சம், அவ்வளவுதான். ஊரை முதலில் முடிவு பண்ணிவிட்டு, பிறகு "தலைக்கு இவ்வளவு" என்று அறிவிக்கிறானே, டூரைக் கெடுத்தவன் அவன்தான். யாரால் எவ்வளவு முடியும் என்று தனித்தனியாக முதலில் கேளுங்கள். இருப்பதிலேயே குறைந்த தொகைதான் பட்ஜெட். ஊரை அப்புறம் பார்க்கலாம்.

அந்தக் காசுக்கு எங்கே போவது என்கிறீர்களா? மலைக்கோட்டையில் 400-க்கு மேல் படி ஏறினால் காவிரியும் ஸ்ரீரங்கமும் கண்ணுக்குக் கீழே. இறங்கி, சத்திரத்தில் ஒண்ணாம் நம்பர் பஸ் பிடித்தால் 1987-ல் கட்டி முடித்த 236 அடி ராஜகோபுரம். ஏழு பிரகாரமும் சுற்ற அரை நாள் தாராளமாகப் போகும். இதற்கு எவனும் பொய் சொல்லி ஒதுங்க மாட்டான். பத்துப் பேரும் வருவார்கள்.