குன்றிமணிக்கு முறிவு மருந்து கேட்காதீர்கள்!

செண்பகத்தோப்புப் பக்கம் போயிருக்கிறீர்களா? ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே, மலையடிவாரம். சாம்பல் நிற அணிலுக்காக 1988-ல் சரணாலயமான காடு. 2021-ல் புலிகள் காப்பகமாகவும் ஆகிவிட்டது. உள்ளே ஒரு இலையைக்கூடப் பறிக்கக் கூடாது. ஆனால் காட்டுக்கு வெளியே, தோப்பு வேலிகளில் கொடி ஓடி, காய் வெடித்து, சிவப்பும் கறுப்புமாகக் குன்றிமணி சிரித்துக்கொண்டு நிற்கும். அதைப் பறித்துத்தான் களிமண் பிள்ளையாருக்குக் கண் வைக்கிறோம்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் சதுர்த்தி முடிந்த மறுநாள், அந்தப் பக்கத்துப் பாட்டி ஒருவர் நாலு வயசுப் பேரனைத் தூக்கிக்கொண்டு என் வைத்தியசாலைக்கு ஓடி வந்தார்.

"வைத்தியரய்யா, பிள்ளையார் கண்ணைப் பிடுங்கி வாயில போட்டுட்டான். ஒரு முறிவு குடுங்க."

"மென்னானா, முழுங்கினானா தாயி?"

"தெரியலையே ஐயா."

நான் மருந்துப் பெட்டியைத் திறக்கவில்லை. ஆட்டோவைக் கூப்பிட்டு அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். பாட்டி முந்தானையில் பிள்ளையாரின் இன்னொரு கண் இருந்தது. அதையும் காகிதத்தில் மடித்து, "டாக்டர்ட்ட காட்டுங்க" என்று கொடுத்தேன். பாட்டிக்கு மகா கோபம். "காட்டு விதைக்குக் காட்டு மருந்து தெரியாதா உங்களுக்கு?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

நியாயமான கேள்விதான். அன்றைக்கு ஆட்டோ அவசரத்தில் பதில் சொல்ல முடியவில்லை. இப்போது சொல்கிறேன், நீங்களும் கேளுங்கள்.

நம் உடம்பின் ஒவ்வொரு செல்லும் ஒரு தறிப் பட்டறை. ராஜபாளையம் பக்கத்துச் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிறார்களே, அது மாதிரி. எந்தத் துணியை எப்படி நெய்ய வேண்டும் என்ற மூலக் குறிப்பு, உள்ளறையில் பூட்டி வைத்திருக்கிற டி.என்.ஏ. நாலே நாலு எழுத்தில் எழுதிய ஏடு. மூலத்தை யாரும் வெளியே எடுத்து வருவதில்லை. வேண்டிய பக்கத்தை மட்டும் நகல் எடுத்துத் தறிக்கு அனுப்புகிறது செல். அந்த நகலுக்கு ஆர்.என்.ஏ. என்று பெயர். தறிதான் ரிபோசோம். நகலை மூன்று மூன்று எழுத்தாகப் படித்து, ஒவ்வொரு மூன்றுக்கும் உரிய அமினோ அமிலத்தை வாங்கிக் கோத்துக்கொண்டே போகும். இருபது வகை அமினோ அமிலம். கோத்து முடித்தால் புரதம். ரத்தத்தின் ஹீமோகுளோபின், கணையத்தின் இன்சுலின், தலைமுடி, நகம், எல்லாமே இந்தத் தறியில் இறங்கியவைதான்.

எந்த மூன்று எழுத்துக்கு எந்த அமினோ அமிலம் என்பதைக் கண்டுபிடித்ததற்காக 1968-ல் நோபல் பரிசு வாங்கிய மூவரில் அன்றைய பஞ்சாபில் பிறந்த ஹர் கோவிந்த் கொரானா ஒருவர். அந்தத் தறி எப்படி இருக்கிறது என்று அணு அணுவாகப் படம் பிடித்துக் காட்டியவர்களில் ஒருவர் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். 2009-ல் தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனத் இருவரோடும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். "இதெல்லாம் அலோபதி சமாச்சாரம், நமக்கெதற்கு?" என்று என் வகையறா வைத்தியர்கள் சிலர் சொல்லும்போது எனக்கு எரிச்சலாக வரும். தறி யாருக்கும் சொந்தமில்லை. சித்த வைத்தியர் வயிற்றிலும் அதுதான் ஓடுகிறது.

சரி, குன்றிமணிக்கு வருவோம். அதற்குள் அப்ரின் என்று ஒரு புரதம் இருக்கிறது. இரண்டு துண்டு சேர்ந்தது. ஒரு துண்டு செல்லின் மேல்தோலைப் பிடித்துக்கொண்டு உள்ளே போக வழி பண்ணும். அடுத்த துண்டு நேராகத் தறிக்குப் போகும். ரிபோசோமுக்குள்ளும் ஆயிரக்கணக்கான எழுத்து நீளத்துக்கு ஓர் ஆர்.என்.ஏ. இழை உண்டு. அதில் குறிப்பிட்ட ஒரே ஒரு எழுத்தை மட்டும் கிள்ளி எடுத்துவிடும். அவ்வளவுதான், தறி நின்றது. கிள்ளிய கை அதோடு ஓய்வதில்லை. அடுத்த தறிக்குப் போகும், அடுத்ததற்கும் போகும். டி.என்.ஏ. அப்படியே இருக்கிறது, நகலும் வருகிறது, நெய்யத்தான் ஆளில்லை. ஆமணக்கு விதையில் இருக்கும் ரிசினும் இதே ஜாதி. ரிசின் இப்படித்தான் கிள்ளுகிறது என்று 1987-ல் ஜப்பானின் எண்டோ குழுவினர் கண்டுபிடித்தார்கள்.

குடலின் உட்தோல் நாலைந்து நாளுக்கொரு முறை புதுசாகிற இடம். அங்கே புரதம் நெய்வது நின்றால் என்ன ஆகும்? அதனால்தான் முதலில் வாந்தி, வயிற்றுவலி, ரத்தபேதி. பிறகு ஈரல், சிறுநீரகம். இதில் ஏமாற்று வேலை என்னவென்றால், தின்றவுடனே ஒன்றும் தெரியாது. பல மணி நேரம், சில சமயம் ஒரு நாளுக்கு மேலும் பிள்ளை சிரித்து விளையாடும். "ஒண்ணும் ஆகலையே" என்று வீட்டில் வைத்துக்கொண்டு இருப்பவர்கள்தான் மாட்டிக்கொள்வது.

பாட்டிக்குப் பதில் இதுதான்: கிள்ளிய எழுத்தைத் திருப்பி ஒட்டவைக்கும் மருந்து என்னிடம் இல்லை, அலோபதியிலும் இல்லை. ஆனால் ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏற்றலாம், ரத்தத்தைச் சோதித்துக்கொண்டே இருக்கலாம், உடம்பு தானே புதுத் தறி கட்டிக்கொள்ளும்வரை உயிரைத் தாங்கிப் பிடிக்கலாம். அந்த வசதி என் பெட்டியில் கிடையாது. முறிவு என்று சொல்லி நான் ஒரு கஷாயம் கொடுத்திருந்தால், அந்தப் பிள்ளைக்குக் கிடைக்க வேண்டிய நேரத்தைத்தான் திருடியிருப்பேன்.

"அப்படியானால் சித்த மருந்தில் குன்றிமணி எப்படி ஐயா சேர்க்கிறீர்கள்?" என்று கேட்பீர்கள். பாளையங்கோட்டை கல்லூரியில் படித்தபோது, பாலில் வேகவைத்துச் சுத்தி செய்யாமல் தொடக்கூடாது என்று மனப்பாடம் செய்தோம். ஏன் என்று நான் கேட்கவும் இல்லை, எனக்கு யாரும் சொல்லவும் இல்லை. ஏதோ சடங்கு என்றே ரொம்ப நாள் நினைத்திருந்தேன். முட்டையை அவித்தால் வெள்ளைக்கரு கெட்டியாகிறதல்லவா? சூடு பட்டதும் புரதம் தன் உருவம் இழக்கிறது. அப்ரினும் புரதம்தான், கொதியில் நெடுநேரம் கிடந்தால் உருக்குலையும். ஆமணக்கு முத்தை வறுத்து, இடித்து, தண்ணீரில் கொதிக்கவிட்டு எண்ணெய் எடுத்த நம் பாட்டிமார் செய்ததும் அதுதான். ரிபோசோம் என்ற பெயர் தெரியாமலே கண்டுபிடித்த பெரியவர்களை நினைத்தால் எனக்குப் பெருமைதான்.

அதற்காக, "கொதிக்கவைத்தால் எந்த விஷமும் போய்விடும்" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். எட்டிக்கொட்டையின் விஷம் புரதமே அல்ல, சேங்கொட்டையினுடையதும் அல்ல. அவற்றுக்குச் சுத்திமுறை வேறு. பால்கோவா ஊர்தானே, பாலுக்கா பஞ்சம் என்று வீட்டு அடுப்பில் குன்றிமணியை வேகவைத்துப் பார்க்கவும் வேண்டாம்! எவ்வளவு வெந்தது, எவ்வளவு மிச்சம் என்பதை நாக்கில் வைத்தா சோதிப்பீர்கள்?

இப்போது செல்போன் வீடியோக்களில் வழுக்கைக்குக் குன்றிமணி எண்ணெய், கரு நிற்காமலிருக்கக் குன்றிமணி என்று தாராளமாக அள்ளி விடுகிறார்கள். கருவைக் கலைக்கிறேன் என்று இதை அரைத்துக் குடிக்கிற பெண், கருவோடு தன் உயிரையும் பந்தயம் வைக்கிறாள். எண்ணெய்க்கென்று பொடித்து டப்பாவில் வைத்தால், அது எந்தப் பிள்ளையின் கைக்குப் போகும் என்று யாருக்குத் தெரியும்? முழு விதையாவது, தோல் கெட்டியாக இருப்பதால், மெல்லாமல் முழுங்கினால் பல சமயம் அப்படியே வெளியே வந்துவிடும். பொடித்தது அப்படி வராது. கண்ணில் பட்டாலும் பொல்லாதது. ஒரு காலத்தில் ஐரோப்பாவில் கண்நோய்க்கு இந்த விதை ஊறிய தண்ணீரை ஊற்றிப் பார்த்து, பார்வையே போகிறதென்று கைவிட்டார்கள்.

இன்னொரு கூட்டம் "டி.என்.ஏ.வையே மாற்றும் லேகியம்" விற்கிறது. பூட்டிய உள்ளறைக்குள் லேகியம் எப்படிப் போய் எழுத்தைத் திருத்தும் என்று ஒரு கேள்வி கேளுங்கள். விற்கிறவர் பேச்சை மாற்றுவார். சித்த வைத்தியத்துக்குக் கெட்ட பெயர் வாங்கித் தருவது வெளியாட்கள் இல்லை, இவர்கள்தான்.

பிள்ளை குன்றிமணியை வாயில் போட்டதாகச் சந்தேகம் வந்தாலே போதும், உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காமல், கை வைத்தியம் பண்ணாமல், மீதி விதையையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். 108-க்கு போன் போடுங்கள்.

அந்தப் பேரன் மெல்லாமல்தான் முழுங்கியிருக்கிறான். இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்து அனுப்பிவிட்டார்கள். பாட்டி ரொம்ப நாள் என் பக்கம் வரவில்லை. போன சதுர்த்திக்கு மறுநாள் ஒரு தூக்கில் கொழுக்கட்டையோடு வந்து நின்றார்.

"இந்த வருஷம் பிள்ளையாருக்கு மிளகுதான் கண்ணு வச்சேன் ஐயா. பார்வை என்னமோ கொஞ்சம் சின்னதாத்தான் இருக்கு."