ஐந்நூற்றோராவது யூனிட்

பைகாரா ஆற்றின் மின்விசை 1930-களில் நீலகிரியினின்று இறங்கி வந்து, முதலில் பஞ்சாலைகளையும், பிறகு தோட்டத்துக் கிணறுகளின் மோட்டார்களையும், நாளடைவில் கோயம்புத்தூரிலேயே பிறந்த மாவரைக்கும் கிரைண்டரையும் சுழற்றத் தொடங்கியதனால், இவ்வூர்க் குடும்பங்களில் மின்சாரம் ஆடம்பரம் என்னும் ஸ்தானத்தை விட்டு அத்தியாவசியமாகி எத்தனையோ காலமாயிற்று. கட்டணம் உயர்வதை நான் முற்றிலும் ஆட்சேபிப்பவன் அல்லன், 2014-க்குப் பின் அசையாதிருந்த விகிதம் 2022 செப்டம்பரில் உயர்ந்தபோது, மின்வாரியத்தின் கடன்பாரம் காரணமாகக் கூறப்பட்டது, அது பொய்யன்று. ஆனால் அந்த விகிதப்படி, இரண்டு மாதத்தில் 500 யூனிட் செலவழித்த குடும்பம் 1,725 ரூபாயும், ஒரே ஒரு யூனிட் மிகுந்துவிட்ட அண்டை வீட்டார் 1,958 ரூபாயும் செலுத்த நேர்ந்ததை எந்த நியாயத்தைக் கொண்டு சமாதானம் செய்வது? ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய்! மிகுதியாகச் செலவழிப்போரிடம் மிகுதியாகப் பெறுவது தர்மமே, ஆயினும் 500 என்னும் எல்லையைத் தாண்டியோருக்குரிய உயர்ந்த விகிதத்தை, அதற்கு முந்திய யூனிட்டுகளுக்கும் சேர்த்து விதிக்காமல், எல்லையைத் தாண்டிய யூனிட்டுகளுக்கு மட்டுமே விதிக்குமாறு, அரசும் மின்சார ஒழுங்குமுறை ஆணையமும் அடுத்த திருத்தத்திலேயே விதியை மாற்றியமைக்க வேண்டும்.