வேகத்துக்கு யார் விலை கொடுப்பது?

2024 ஜூலை 19 அன்று உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையுடன் முடங்கின. இந்திய விமான நிலையங்களில் கையால் எழுதிய போர்டிங் பாஸ்கள் வழங்கப்பட்டன. கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனம் அனுப்பிய பிழையான ஒரு கோப்பே காரணம். சாதாரண மென்பொருளில் அப்பிழை நேர்ந்திருந்தால் அந்த மென்பொருள் மட்டும் நின்றிருக்கும். இங்கே கணினியே விழுந்ததற்குக் காரணம், அது இயங்கிய இடம்.

நாம் பயன்படுத்தும் மென்பொருள்களை நுண்செயலி, 'பயனர் நிலை'யில் இயக்குகிறது. வட்டையோ வலையமைப்பையோ அவை நேரடியாகத் தொட முடியாது. அந்த அதிகாரம் இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்கு மட்டுமே உண்டு. ஒவ்வொரு தேவைக்கும் அதனிடம் விண்ணப்பித்துத் திரும்ப வேண்டும். ஒருமுறை சென்றுவர ஆகும் நேரம் அற்பம். நொடிக்கு லட்சம் முறை என்றால் கணக்கு வேறு. பொருளியலில் இதைப் பரிவர்த்தனைச் செலவு என்போம்.

இச்செலவைக் குறைக்கவே 1996-இல் விண்டோஸ் என்டி 4.0, வரைகலைப் பகுதிகளைக் கெர்னலுக்குள் கொண்டுசென்றது. வேகம் கூடியது, ஆபத்தும் கூடியது. 2018-இல் நேரெதிர். குறிப்பாக இன்டெல் நுண்செயலிகளில் 'மெல்ட்டவுன்' குறைபாடு வெளிப்பட்டபோது, இரு நிலைகளுக்கும் இடையிலான சுவரைத் தடிமனாக்க வேண்டியிருந்தது. கடப்பது மேலும் தாமதமாயிற்று. கணினியில் விளையாடியவர்கள் அதைப் பெரிதாக உணரவில்லை; ஓயாது கெர்னலை நாடும் தரவுத்தள சர்வர்கள் உணர்ந்தன. மணிக்கணக்கில் கணினியை வாடகைக்கு எடுக்கும் சிறு நிறுவனத்துக்கு, அதே வேலைக்குக் கூடுதல் நேரம் என்றால் கூடுதல் கட்டணம். சுவரில் ஓட்டை விட்டவர் ஒருவர், கூலி கொடுத்தவர் வேறொருவர். வகுப்பில் 'புறவிளைவு'களை விளக்க ஆலைக்கழிவையே உதாரணம் காட்டிவந்த எனக்கு, இது பணி ஓய்வுக்கு முன்பே கிடைத்திருக்கலாம்!

இப்போது மைக்ரோசாஃப்ட், பாதுகாப்பு மென்பொருள்களைக் கெர்னலுக்கு வெளியே நிறுத்த முனைந்துள்ளது. சரியான திசைதான். ஆனால் அந்நிறுவனமே பாதுகாப்பு மென்பொருளும் விற்கிறது. போட்டியாளர்கள் வெளியேறியபின் தன்னுடையதை மட்டும் உள்ளே வைத்துக்கொண்டால், அது பாதுகாப்பு நடவடிக்கை அல்ல, சந்தையைக் கைப்பற்றுவது.

வெளியே நிற்பதால் வேகம் சற்றுக் குறைந்தால் அதைக் காப்பீட்டுத் தவணையாக ஏற்கலாம். தவணைத் தொகை முன்பே தெரிய வேண்டும், அவ்வளவே. அரசும் பொதுத்துறை வங்கிகளும் மொத்தமாகக் கணினி வாங்கும் ஒப்பந்தங்களில், உற்பத்திக் குறையைத் திருத்துவதால் வேகம் குறைந்தால் விற்றவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற நிபந்தனையைச் சேர்க்கலாம். 2018-இல் அப்படியொரு நிபந்தனை இருந்திருந்தால், இழப்பீடு கேட்கக் கையில் ஒரு காகிதமாவது இருந்திருக்கும்.